மெட்டிக்கு அடியில்

காலுக்கு வைத்தியம் பார்க்கும் வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. ஜெனரல் நர்ஸிங் முடித்துவிட்டு, சவூதிக்குப் போன கிளாஸ் பெண்கள் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்துப் பொருமிக்கொண்டு, லிங்கராஜபுரத்தில் அம்மாவோடு சண்டை போட்டபடி ஒரு வருடம் வீட்டில் கிடந்தேன். அப்புறம் தொம்மலூர் பக்கம் சுகர் வியாதிக்கென்றே இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்த சமயம். சேர்ந்த அன்றைக்கே மேட்ரன் என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு அருவருப்பு உண்டா?" என்று கேட்டார். கெத்தாக இருக்கட்டுமே என்று "இல்லை மேடம்" என்றேன். "அப்ப கால் ரூமுக்குப் போ" என்றார். மற்ற சிஸ்டர்கள் எல்லாம் ஏற்கெனவே முடியாது என்று சொல்லிவிட்ட இடம் அது என்று மத்தியானம் சாப்பிடும்போதுதான் தெரிந்தது.

காரிடாரின் கோடியில், பழைய ஃபைல்கள் கிடக்கும் ஸ்டோருக்குப் பக்கத்து அறை. உயர்த்தவும் சாய்க்கவும் முடிகிற ஒரு நாற்காலி, நான் உட்கார ஒரு ஸ்டூல், கழுத்தை வளைக்கிற ஒரு விளக்கு, ஒரு டிரே. எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் அந்த அறைக்கென்று ஒரு வாடை இருந்தது. டீ குடிக்கும்போது என் பக்கத்தில் உட்கார மற்றவர்கள் யோசிப்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "உங்க பர்ஸ்ல இருக்கற பத்து ரூபா நோட்டுல இதைவிட அழுக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு வேண்டுமென்றே நெருங்கி உட்காருவேன்.

வீட்டில் வேறு கூத்து. சர்ச்சில் யாராவது விசாரித்தால் அம்மா, "சுகர் டாக்டர்கிட்ட அசிஸ்டென்டா இருக்கா" என்பாள். கால் என்ற வார்த்தை அவள் வாயில் வரவே வராது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். "ஊரான் காலைச் சுரண்டற வேலைன்னு தெரிஞ்சா எவன்டி வருவான்?" என்பாள். "ஆண்டவரே சீஷங்க காலைக் கழுவினாரே" என்று நான் மடக்குவேன். "அவரு ஆண்டவரு. நீ கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு" என்று முடித்துவிடுவாள்.

அந்த நாளில் இதற்கென்று ஒரு படிப்பு இருப்பதாகவே நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் டாக்டர் வெளிநாட்டில் சில வாரம் பார்த்துவிட்டு வந்திருந்தார். கையோடு கொண்டுவந்தது ஒரு நைலான் இழையும் இரண்டு பாதம் வரைந்த ஒரு அட்டையும். பேஷன்ட் கண்ணை மூடிக்கொள்ள, அந்த இழையால் பாதத்தில் பத்து இடத்தில் அழுத்த வேண்டும். எங்கே உணர்ச்சி இல்லையோ, அட்டையில் அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. மற்றதெல்லாம் நானே பிளேடைப் பிடித்துப் பிடித்துக் கற்றுக்கொண்டது. கால் ஆணியைச் சீவுவது, உள்ளே வளைந்த நகத்தை வெட்டுவது, காய்த்த தோலுக்கு அடியில் புண் ஒளிந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது.

காலைத் தொட்டதும் பாதிப்பேர் இழுத்துக்கொள்வார்கள். கன்னடப் பெரியவர்கள் "பேடம்மா, பேடம்மா" என்று, வேண்டாம் வேண்டாம் என்று கும்பிடுவார்கள். சிலர் என் கையைத் தொட்டுத் தங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மரத்துப்போன கால் என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு லாரி டிரைவர். "செருப்பு கழல மாட்டேங்குது சிஸ்டர், பிஞ்சு கிஞ்சு போச்சா பாருங்க" என்று காலை நீட்டினார். செருப்பில் ஏறிய ஆணி பாதத்துக்குள்ளும் ஏறியிருந்தது. காலையிலிருந்து அதோடுதான் நடந்துகொண்டிருந்தார். நான் ஆணியைப் பிடுங்கும்போது அவர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் ஆறு மாதத்தில் கை பழகிவிட்டது. டாக்டர் கண்ணுக்குத் தப்பிய இரண்டு மூன்று புண்களை நான் பிடித்தேன். அவர் ரவுண்ட்ஸில் நாலு பேர் முன்னால் அதைச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதை மறைக்கப் போவதில்லை.

பேஷன்டுக்கு ஒன்றாக நாங்கள் நகல் எடுத்து வைத்திருந்த அந்த அட்டையின் பின்பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வெந்நீரில் கால் வைக்கக் கூடாது, விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது என்று வரிசையாக அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே "விளக்கப்பட்டது" என்று ஒரு கட்டம். வெளியே இருபது பேர் பெஞ்சில் உட்கார்ந்து கதவையே முறைத்துக்கொண்டிருக்கும்போது எவள் ஒவ்வொன்றாக விளக்குவாள்? மேலிருந்து கீழே கடகடவென்று டிக் போட்டுக் கையெழுத்தைக் கிறுக்கிவிடுவேன். எனக்கு முன்னால் அந்த அறையில் சில நாள் இருந்துவிட்டு முடியாது என்று ஓடியவர்களும் அப்படித்தான் செய்திருந்தார்கள். அது பொய் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மெட்டிப் பிரச்சினை வந்தது. வயதான ஒரு அம்மாவுக்கு விரல் வீங்கியிருந்தது. சோப்பு நுரையைத் தடவி மெட்டியை உருவி எடுத்து, காகிதத்தில் மடித்து அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை அவருடைய மகன் வந்து ரிசப்ஷனில் நின்று கத்தினான். "எங்கப்பா குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்காரு. எங்கம்மா மெட்டியைக் கழட்ட இவ யாரு? சிலுவை போட்டவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என் கழுத்தில் செயின் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அவன் போன பிறகு, "இந்த மாதிரி சென்டிமென்ட் விஷயத்துல பாத்து நடந்துக்கோ" என்று ஒரு வார்த்தையும் சொன்னார். பாத்ரூமில் போய் ஆத்திரம் தீர அழுதேன். எங்கள் வீட்டில் மெட்டி போடும் வழக்கம் இல்லைதான். ஆனால் புருஷன் செத்தால்தான் அதைக் கழற்றுவார்கள் என்று தெரியாத அளவுக்கு நான் வேறு தேசத்தில் பிறந்தவளா? இனி எவள் காலிலும் மெட்டியைத் தொடுவதில்லை, நமக்கெதற்கு வம்பு என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து அந்த அக்கா வந்தார்.

நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். வேலூர் பக்கத்திலிருந்து வந்து ஈஜிபுராவில் குடியிருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் தங்கும் ஒரு பிஜியில் சமையல். காலை ஐந்து மணிக்கு இட்லிக்கு அடுப்பு பற்ற வைத்தால் ராத்திரி சப்பாத்தி முடிகிற வரைக்கும் நின்றுகொண்டே வேலை. அவருடைய புருஷனுக்கு இரண்டு கிட்னியும் போய், வேறொரு ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அந்த மனிதரைப் பிழைக்க வைத்திருந்தது அந்த மிஷின் என்றால், மிஷினுக்குக் கட்டியது இந்த அக்காவின் சம்பளம். பிள்ளைகள் கிடையாது. இதையெல்லாம் நான் இழையால் அழுத்திக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டார். பத்தில் ஏழு இடத்தில் பெருக்கல் குறி போட்டேன்.

"தொட ஆரம்பிச்சாச்சா சிஸ்டர்?" என்று கண்ணை மூடியபடியே கேட்டார். நான் முடித்தே விட்டிருந்தேன்.

இரண்டு காலிலும் மெட்டி இருந்தது. வலது காலில் இருந்ததில் உள்பக்கம் மஞ்சள் நூலை இறுக்கிச் சுற்றியிருந்தார். "சுகர் வந்து இளைச்சுட்டேன்ல, கழண்டு கழண்டு விழுந்துச்சு. அதான் நூல் சுத்திப் போட்டேன்" என்றார். நூல் நனைந்து கறுத்திருந்தது. சமையல்கட்டு ஈரத்தில் நாள் பூராவும் நிற்கிற கால். மெட்டிக்கு இரண்டு பக்கமும் தோல் ஊறின சோறு மாதிரி வெளுத்து உப்பியிருந்தது. விளக்கைக் கிட்ட வளைத்தேன். லேசாக ஒரு வாடை வந்த மாதிரி இருந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடக் கூடாது என்று எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

"அக்கா, இதைக் கொஞ்சம் கழட்டிப் பாக்கணுமே" என்றேன்.

"ஐயோ, இது வேணாம் சிஸ்டர்" என்று காலை இழுத்துக்கொண்டார். "அவருக்கு இன்னிக்கு டயாலிசிஸ். இந்நேரம் மிஷின்ல படுத்திருப்பாரு. இப்பப் போயி இதைக் கழட்டுன்னா எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க?"

எனக்கு அந்த மகன் ரிசப்ஷனில் நின்று கத்தியது காதில் கேட்டது. செயினைக் கோட்டுக்குள் தள்ளிவிட்டுக்கொண்டேன். "சரிக்கா, அடுத்த வாரம் வாங்க, பாக்கலாம்" என்றேன். பஞ்சை வைத்துச் சுற்றிலும் துடைத்துவிட்டு, பவுடர் கொடுத்து, ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஒப்புக்குச் சொன்னதுதான். அடுப்படியில் நிற்கிறவள் எப்படி ஈரம் படாமல் நிற்பாள்? அவர் எழுந்து வெளியே போகும்போதே அடுத்த பேஷன்டைக் கூப்பிட்டுவிட்டு அட்டையில் எழுதினேன். "மெட்டி கழற்ற மறுத்துவிட்டார். கால் இழக்கும் அபாயம் விளக்கப்பட்டது." கீழே என் கையெழுத்து.

விளக்கவே இல்லை. அபாயம் என்ற வார்த்தையோ, கால் போகும் என்ற பேச்சோ என் வாயிலிருந்து வரவில்லை. எழுதி வைத்தால் நாளைக்கு யாரும் என்னைக் கேட்க முடியாது என்பதற்காக எழுதினேன்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. வரவில்லை என்பதை நான் கவனிக்கவும் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை, பிஜிக்காரப் பையன் ஒருவன் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தான். காலில் துணியைச் சுற்றியிருந்தார். உடம்பு கொதித்தது. "குளிர்க் காய்ச்சல் சிஸ்டர், நாலு நாளா. கால்ல ஒண்ணும் வலி இல்ல. ஆனா எல்லாரும் நாத்தம் அடிக்குதுங்கறாங்க" என்றார். துணியை அவிழ்த்தேன். இரண்டாம் விரல் கறுத்துப்போயிருந்தது. மெட்டி சதைக்குள் புதைந்து, வெளியே தெரிந்தது ஒரு வெள்ளிக் கீற்று மட்டும்தான். தோலின் சிவப்பு கணுக்கால் வரைக்கும் ஏறிவிட்டிருந்தது.

இந்தத் தடவை நான் அவரைக் கேட்கவில்லை. சின்னக் கட்டரை எடுத்து மெட்டியை இரண்டு இடத்தில் வெட்டி, இடுக்கியால் தனித்தனியாக எடுத்தேன். நூல் சதையோடு சதையாக வந்தது. அவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வெட்டியது அவருக்குத் தெரியவில்லை. டிரேயில் விழுந்த சத்தம்தான் கேட்டிருக்கிறது.

"கழட்டிட்டீங்களா?"

"ஆமாக்கா."

டிரே பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அப்புறம், "சிஸ்டர், அவரு இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேக்கறீங்களா? இன்னிக்கும் மிஷின் நாள்தான்" என்று ஒரு நம்பரைச் சொன்னார். மனப்பாடமாக வைத்திருந்தார். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ரிசப்ஷனுக்கு ஓடினேன். அந்தப் பக்கம் எடுத்தவள் சலித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பேஷன்ட் நன்றாக இருக்கிறார், தூங்குகிறார் என்றாள். திரும்பி வந்து சொன்னேன். அக்கா கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கா, அவருடைய சாமிக்கா என்று தெரியவில்லை. நான் அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

முதலில் விரலை எடுத்தார்கள். நாலு நாள் கழித்து மற்ற விரல்களோடு பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். அப்படியும் காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டாவது வாரம் முடிவதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் மறுநாள் கட்டு மாற்றியது நான்தான். வார்டு சிஸ்டர்கள், அது கால் ரூம் கேஸ் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் பஸ்ஸில் வரும்போது முடிவு செய்வேன். அவர் அறைக் கதவைத் தாண்டும்போது, நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றும். இதே தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

காலை எடுத்த இரண்டாம் நாள் புருஷன் வந்தார். அதுவரைக்கும் விரல் ஆபரேஷன் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். டயாலிசிஸ் முடிந்த கையோடு ஆட்டோ பிடித்து வந்திருந்தார். முழங்கையில் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி அப்படியே இருந்தது. முகம் வீங்கி, மூச்சு வாங்க, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்தார். நான் கட்டு மாற்றும் டிரேயோடு கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார்.

"ஒரு மெட்டியால காலு போகும்னா முன்னாடியே சொல்ல வேணாமா சார்? இங்க வந்து காட்டிட்டுப் போனவதானே? யாராவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று கேட்டார் அந்த மனிதர். குரலை உயர்த்தக்கூட அவருக்குத் தெம்பில்லை.

டாக்டருக்குத் தாய்மொழி கன்னடம். தமிழ் சுமாராக வரும். ஃபைலைப் புரட்டி அட்டையை எடுத்தார். "நோடி சார், பாருங்க, இங்க எழுதியிருக்கு. அபாயம் இருக்குன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க. உங்க மனைவி ஒத்துக்கலை. நாங்க பலவந்தமா கழட்ட முடியாது."

புருஷன் மனைவி பக்கம் திரும்பினார். "சொன்னாங்களா உங்கிட்ட?"

அக்கா என்னைப் பார்த்தார். டிரேயில் இருந்த கத்தரிக்கோலை நேராக வைப்பது போலக் குனிந்துகொண்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சொன்னாங்க" என்றார் அக்கா. "நான்தான் கேக்கல."

"அறிவிருக்காடி உனக்கு?" வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "படிச்ச பொண்ணு அவ்வளவு சொல்லியும் கேக்கலேன்னா எவ்வளவு கொழுப்பு உனக்கு! நான் கேட்டனா உன்னை? எனக்காக மெட்டியக் கட்டிட்டு அழுன்னு நான் கேட்டனா? இப்ப நீ எப்படி அடுப்படியில நிப்ப? நாளைக்கு என்னை எவன் மிஷின்ல படுக்க வைப்பான்?" சொல்லிக்கொண்டே வந்தவர் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் போனபோது அவர் விழித்திருந்தார். திரையை இழுத்துவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இரவெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோயிற்று.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"வேற என்னத்தச் சொல்ல? உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டா எனக்குக் காலு முளைச்சிடுமா? இந்தக் கட்டைப் பிரிக்க இங்க வேற எவ வரா?" கோபமாகச் சொல்லவில்லை. சலிப்பாகச் சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரத்திலும் நான் அவரிடமிருந்து ஒன்றைத்தான் எதிர்பார்த்தேன். நீ சொல்லியிருந்தாலும் நான் கழட்டியிருக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட வேண்டும். அவருடைய நம்பிக்கைக்குத்தான் நான் இடம் கொடுத்தேன் என்று ஆகிவிட வேண்டும். வெட்கங்கெட்டுப் போய் அதை வாய்விட்டே கேட்டேன். "நான் சொல்லியிருந்தாலும் நீங்க கழட்டியிருக்க மாட்டீங்கதானே அக்கா?"

அவர் என்னை ஏதோ விவரம் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஏன் கழட்ட மாட்டேன்? காலு போயிடும்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெட்டி என்னம்மா, தாலியவே கழட்டி ஆணியில மாட்டியிருப்பேன். நான் நின்னு சமைச்சாத்தானே அவருக்கு மூச்சு. அதுகூடத் தெரியாதவளா நானு?"

கையுறையை மாட்டிக்கொண்டு கட்டைப் பிரிக்க ஆரம்பித்தேன். கடைசிச் சுற்று தையலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்தபோது அவர் துள்ளி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா" என்றார். "இங்க எனக்கு வலிக்குது."